நோயுற்றார்க்கு யோகம் துணையாமாறு

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள எமது பாடசாலையில் சென்ற தவணையில் ஒருநாள், சைவசமய பாடவேளையில், மேல்வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "யோகம் செய்தால் புற்றுநோய் மாறுமோ, ஐயா?" என்று வினாவினாள். அட்டாங்க யோகத்தின் உறுப்புக்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த என் கை ஐந்தாம் உறுப்பிலே நின்றுவிட்டது. அப்பிள்ளையின் தாயார் மார்பகப் புற்றுநோய்க்கு மகரகம வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்று வருகின்றார் என்பதை வகுப்பு முழுவதும் அறியும். மாறும் என்றால் அது பொய். மாறாது என்று சொல்லி இருந்துவிட்டால் அது பாதி உண்மை. "நாளைக்குச் சொல்லுகிறேன், பிள்ளை" என்று கூறி மணி அடிக்கும்வரை வேறு பொருளைப் பேசினேன். அவ்வொருநாட் கடனே இக்கட்டுரையாக நீண்டது. சைவப் பாடசாலைகளில் உபாத்தியாயராயுள்ள அன்பர்கள் யாவர்க்கும் இவ்வினா ஒருநாள் வந்தே தீரும் என்பதனால் இதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இவ்வினா ஒரு வைத்தியரிடம் கேட்கப்பட்டிருப்பின் மருந்துநூல் வினாவாய் நின்றிருக்கும். சைவம் படிப்பிக்கும் ஒருவனிடம் கேட்கப்பட்டமையால் அஃது அறநூல் வினாவுமாயிற்று. யோகம் நோயுற்றார்க்கு யாது செய்யும் என்பது ஒன்று; நோயுற்றாரிடம் அதனைக் குறித்து யாம் யாது சொல்லலாம், யாது சொல்லலாகாது என்பது மற்றொன்று. முன்னதை அறியாது பின்னதை முடிவு செய்தல் கூடாது.

மார்பகப் புற்றுநோய் அரிதான நோயன்று. 2022ஆம் ஆண்டில் உலகெங்கணும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு அந்நோய் உளதெனக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 670,000 பேர் அதனால் இறந்தனர். இலங்கையிற் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் இதற்கே. தொடக்கத்திலே கண்டாற் பெரும்பாலும் தீர்க்கத்தக்கது. பிந்தினால் மிகக் கொடிது. சத்திரசிகிச்சை, மருந்தேற்றுஞ் சிகிச்சை, கதிர்வீச்சு, ஓமோன் மாத்திரை என இதற்குரிய சிகிச்சைகள் பல. உயிரைக் காக்கும் இவையே உடலை வருத்தவுஞ் செய்யும்: மயிர் உதிரும், வாந்தியும் குமட்டலும் வரும், உறங்கி எழுந்தாலும் நீங்காத ஓர் அயர்ச்சி மாதக்கணக்கிற் பற்றிக்கொள்ளும், கக்கத்து நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை வீங்கும். இவற்றோடு எம்மூர்ப் பெண்களுக்கு வழிப்பயணமும் ஒரு நோய். இரவுப் புகைவண்டியில் ஏறிக் காலையிலே கொழும்புக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் மகரகம சேர்ந்து, வரிசையிலிருந்து, மருந்தேற்றிக்கொண்டு அதே வழியால் திரும்பி வந்தவர்களைக் கேட்டால் அதன் வரலாறு தெரியும்.

இத்துன்பங்களிலே யோகம் உதவுமோ என்று ஆராய்ந்தவர்களுள் முற்பட்டவர்கள் நமக்கு அயலாரல்லர். பெங்களூரிலுள்ள சுவாமி விவேகானந்த யோக அநுசந்தான சம்ஸ்தானம் என்னும் நிறுவனத்தார், அந்நகரத்துப் புற்றுநோய் வைத்தியர்களோடு கூடி, மருந்தேற்றுஞ் சிகிச்சையிலிருந்த 62 பெண்களைச் சீட்டுக் குலுக்கினாற்போல இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு யோகப் பயிற்சியும் மற்றைக் கூற்றார்க்கு ஆறுதலும் ஆலோசனையும் அளித்து ஒப்பு நோக்கினர். அதன் பயன் 2007இல் வெளிவந்தது. யோகம் பயின்றவர்களுக்கு மருந்தேற்றியபின் வருங் குமட்டல் குறைந்தது. அதனினும் என் கருத்தைக் கவர்ந்தது பிறிதொன்று. சிலருக்கு மருந்து உடம்பில் ஏறுமுன்னரே, வைத்தியசாலையின் வாயிலைக் கண்டவுடன், அங்குள்ள மருந்துமணம் மூக்கிற் பட்டவுடன், குமட்டல் எழும். முன்னை அநுபவம் உள்ளத்திற் படிந்து உடலை ஆட்டுகின்றது. வாசனை என்று நம் நூல்கள் சொல்லுவதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் வகுப்பிலே காட்டக் கிடையாது. அம் முற்குமட்டலின் வலியும் யோகத்தாற் குறைந்ததென அவ்வாய்வு கண்டது.

பின்னர் அந்நிறுவனத்தார் அமெரிக்காவின் ஊஸ்டன் நகரிலுள்ள எம்.டி. அன்டர்சன் புற்றுநோய் நிலையத்தாரோடு சேர்ந்து நிகழ்த்திய ஆராய்ச்சி 2014இல் வெளிவந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையிலிருந்த 163 பெண்கள் மூன்று கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றார் வாரத்தில் மும்முறையாக ஆறு வாரம் யோகம் பயின்றனர். ஒரு கூற்றார் அவ்வளவு காலமும் வெறுமனே உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தனர். எஞ்சியவர் ஒன்றுஞ் செய்யாது காத்திருந்தனர். இங்கேதான் சைவ உபாத்தியாயர்கள் கண்ணைத் திறந்து வாசித்தல் வேண்டும். சிகிச்சை முடிவில், காத்திருந்தாரை நோக்க, அயர்ச்சி குறைந்தது யோகம் பயின்றார்க்கு மாத்திரமன்று, நீட்டி மடக்கினார்க்குங் குறைந்தது. எனவே அவ்வளவுப் பயன் உடலை அசைத்தலாலேயே வந்ததெனக் கொள்ளல் வேண்டும். அன்றாட வேலைகளைச் செய்யும் உடல்வலிமையிலோ யோகம் பயின்றவர் ஏனை இரு கூற்றாரினும் மேம்பட்டனர். மனவழுத்தத்தைக் காட்டும் கோட்டிசோல் என்னும் சுரப்புநீரின் நாளாந்த இறக்கமும் அவரிடத்தே சீராயிருந்தது. இது யோகத்திற்கு உரிய சிறப்பு. நமக்குரியதை மாத்திரம் எடுத்துச் சொல்லிப் பிறிதை மறைத்தல் வழக்குரைப்பார் தொழிலேயன்றிக் கற்பிப்பார் தொழிலன்று.

இங்ஙனம் பல நாடுகளில் நிகழ்ந்த 24 ஆராய்ச்சிகளை, 2,166 பெண்களைப் பற்றியவற்றை, ஒருங்கு வைத்து நிறுத்துப் பார்த்த கொக்ரேன் குழுவினர் 2017இல் தம் முடிபைக் கூறினர். ஒரு சிகிச்சைத் துணையும் பெறாதாரை நோக்க, யோகம் பயின்றார்க்கு வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. அயர்ச்சியும் உறக்கக்கேடும் குறைந்தன. இவற்றுக்குரிய சான்று நடுத்தர வலியுடையது என்றனர். யோகம் செய்கின்றோமா இல்லையா என்பது செய்பவளுக்குத் தெரியும். மாத்திரையைப் போல அதனை மறைத்துக் கொடுத்தல் இயலாது. ஆதலின் நம்பிக்கையால் விளைந்தது எவ்வளவு, பயிற்சியால் விளைந்தது எவ்வளவு எனப் பிரித்தல் எளிதன்று. 2022இல் மும்பைத் தாதா நினைவு வைத்தியசாலையார் 850 பெண்களைப் பற்றிய தம் ஆராய்ச்சியில், யோகம் பயின்றாரிடத்து நோயின்றி வாழும் வாய்ப்பு 15 விழுக்காடு கூடியிருக்கக் கண்டோம் என்று அறிவித்தபோது, நம்மவர் சிலர் "யோகம் புற்றுநோயை வென்றது" என்று கைபேசிதோறும் அனுப்பிவைத்தனர். அப்பெண்கள் அனைவரும் வைத்தியசாலைச் சிகிச்சையைப் பெற்றவர்கள் என்பதை அவ்வன்பர்கள் வாசித்திலர் போலும். ஒரே ஓர் ஆராய்ச்சி; அது பிறராலும் நிகழ்த்திக் காணப்படும்வரை அதனை மாணாக்கர்க்குச் சித்தாந்தமாகக் கற்பித்தல் ஆகாது.

இத்துணையும் கூறியதன் தொகை யாதெனின், யோகம் புற்றுக்கட்டியைக் கரைப்பதில்லை. கட்டியைக் கரைக்குஞ் சிகிச்சையைத் தாங்கிக்கொள்ள உதவுகின்றது என்பதே. இவ்விரண்டையும் மயக்கிச் சொல்லுவார் கையில் உயிர்கள் போகின்றன. அமெரிக்காவிலே, தீர்க்கத்தக்க நிலையிலிருந்த புற்றுநோயர்களுள், வைத்தியசாலைச் சிகிச்சையை விட்டு மாற்று வழிகளை மாத்திரம் நம்பிய 281 பேரைப் பற்றி 2018இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அங்ஙனஞ் செய்த மார்பகப் புற்றுநோயர்க்கு இறக்கும் அபாயம் ஏனையோரினும் ஐந்து மடங்குக்கு மேலாயிற்று எனக் கண்டது. யோகத்தின் பெயரால் ஒரு பெண்ணை வைத்தியசாலைக்குப் போகாது தடுப்பவன் எத்துணை ஆசாரசீலனாயினும், அவன் செய்வது கொலைக்கு அயலானதன்று.

நான்கு உறுப்புடையது மருத்துவம் என்றார் திருவள்ளுவர்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வான். இந்நான்காமவனை உழைச்செல்வான் என்பர். அவன் வைத்தியனாக நடித்தால் நோயாளி கெடுவாள். அவன் இல்லாதொழிந்தாலும் கெடுவாள். யோகத்துக்குப் புற்றுநோயாளியின் அறையில் உரிய இடம் இந்த உழைச்செல்வானுடைய இடமே என்பது என் துணிபு.

இனி, சொல்லத் தயங்குவதொன்றைச் சொல்லுகின்றேன். என் தமக்கையார்க்கு 2015ஆம் ஆண்டில் இந்நோய் வந்தது. நீராடும்போது கையிலே தட்டுப்பட்ட கட்டியை அவர் ஐந்து மாதம் ஒருவருக்குஞ் சொல்லவில்லை. கைம்பெண், வீட்டிலிருந்தவர்கள் தம்பியாகிய யானும் வளர்ந்த மகனும். எங்கள் இருவரிடத்தும் சொல்லக்கூடிய சொல் அவரிடம் இல்லை. ஈற்றில் வேறொரு காரியமாக அயல்வீட்டுக்கு வந்த மருத்துவமாதிடம் மெதுவாகச் சொன்னார். நாணம் பெண்ணுக்கு அணி என்று எத்தனை வகுப்புகளிற் படிப்பித்திருப்பேன்! அவ்வணியின் விலை ஐந்து மாதம்.

சத்திரசிகிச்சை நடந்தது, மருந்தேற்றத் தொடங்கினர். யோகநூல்களை வாசித்தவன் என்ற செருக்கினால், வரைகோல் வைத்துக் கோடு கீறி ஓர் அட்டவணை எழுதினேன். வைகறையில் எழுதல், பன்னிரண்டு ஆசனம், மாத்திரைக் கணக்கோடு கும்பகம், மாலையிலே தியானம். அதனை அவர் கட்டிலுக்கு எதிரேயுள்ள சுவரில் ஒட்டினேன். இரண்டாம் முறை மருந்தேற்றி வந்தபின் அவர் எழவில்லை. யான் கட்டிலருகே நின்று, "மனந்தான் அக்கா மருந்து. நீங்கள் மனம் வைக்கிறீர்களில்லை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுபோன என்னைப் பார்த்து, "தம்பி, இது திரும்பி வந்தால், நான் பயிற்சி செய்யாதபடியால்தான் வந்தது என்று சொல்லுவியோ?" என்று கேட்டார்.

அட்டவணையை அன்றே கிழித்தேன். கேள்வியைக் கிழிக்க முடியவில்லை. நோயுற்றவருக்குத் துணையாகட்டும் என்று யான் கொடுத்தது அவர்மேல் ஏற்றிய புதிய கடனாயிற்று. முன்பு நோய் மாத்திரம் இருந்தது. பின்பு நோயும் நோய்க்குரிய பழியும் இருந்தன. "மன உறுதியால் வெல்லலாம்" என்று சொல்லும்போதெல்லாம், வெல்லாதவர்களை உறுதியற்றவர்கள் என்றுஞ் சொல்லிவிடுகின்றோம். இறந்துபோன எத்தனையோ பெண்கள் உறுதியிற் குறைந்தவர்களல்லர்.

இவ்விடத்தே வினைப்பயனை எடுத்துப் பேசுவாருமுளர். "பிராரத்தம் அநுபவித்தே தீரவேண்டும், அவள் முன்செய்தது" என்று மரணவீட்டுத் திண்ணையிற் சொல்லுவதை யாவருங் கேட்டிருப்போம். வினையுண்டு என்பது சைவர்க்கு உடன்பாடு. ஆயின் இன்னாருடைய இன்ன நோய் இன்ன வினையால் வந்தது எனக் கணக்கை வாசித்துக் காட்டும் உரிமை இறைவனுக்கன்றி வேறெவர்க்கும் இல்லை என்பதும் நமக்கு உடன்பாடே. நோய் வினையால் வந்ததாயின், வைத்தியரும் மருந்தும் மகரகமவுக்குப் புகைவண்டி போவதும் எதனால் வந்தன? துன்பத்தை மாத்திரம் வினையென்று அவள் கணக்கில் எழுதி, உதவியை நம் கணக்கில் எழுதிக்கொள்வது கள்ளக் கணக்கு. வைத்தியநூலார் கூறுவதும் இதற்குத் துணையாகின்றது. மரபுவழியாக வருங் குறைபாட்டால் இந்நோய் வருவது நூற்றுக்கு ஐந்து முதற் பத்துப் பேர்க்கே. பெண்ணாய்ப் பிறத்தலும் வயது முதிர்தலுமே தலையாய காரணங்கள். ஆண்களுக்கும் அருகி வருவதுண்டு. இதிற் பழிசொல்ல என்ன இருக்கின்றது?

யான் கிறித்தவ மிஷனார் நிறுவிய பாடசாலையிற் படித்தவன். அங்கே யோபு என்பானுடைய கதையைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். செல்வமும் மக்களும் இழந்து உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்தவனைக் காணவந்த நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாது அவனோடு நிலத்தில் இருந்தனர். பின்பு வாயைத் திறந்து, நீ பாவஞ் செய்திருப்பாய் என்று வாதிடத் தொடங்கினர். அவ்வேழு நாளே அவர்கள் செய்த நன்மை என்று அக்காலத்தில் எமக்குப் படிப்பித்த முதிய ஆசிரியர் சொல்லுவார். வீட்டுக்கு வந்தால் பாட்டியார் திலகவதியார் கதையைச் சொல்லுவார். சமயம் மாறிப்போன தம்பி சூலைநோய் பற்றி வருந்தி இரவிலே திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, அவ்வம்மையார் அவர் பழைய பிழைகளை எண்ணிச் சொல்லி நிற்கவில்லை. திருநீறு கொடுத்து, திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே நோயுற்றவர் தம்பி, தேற்றியவர் தமக்கை. என் வீட்டிலே நோயுற்றவர் தமக்கை. தம்பியோ சுவரில் அட்டவணை ஒட்டினான்.

பின் நடந்தது சுருக்கமே. எம்மூரில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர், யோகமும் முறையாகக் கற்றவர், தாமாகவே வந்தார். வந்தவுடன் ஆசனத்தைப் பற்றிப் பேசாமல் கிளினிக் கொப்பியைக் கேட்டார். எந்தப் பக்கம் வெட்டியது, கக்கத்துக் கணுக்களை எடுத்ததோ, எலும்பிலே நோவு உண்டோ என்று விசாரித்து, வைத்தியரின் சம்மதம் பெற்றுவரச் சொன்னார். முதல் மாதம் முழுவதும் நாற்காலியிலிருந்து மூச்சைக் கவனித்தலும், விரல்களாற் சுவரிலே மெல்ல மெல்ல ஏறிக் கையை உயர்த்துதலும், மல்லாந்து படுத்து உடம்பின் ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துதலுமே நடந்தன. கும்பகம் இல்லை, கபாலபாதி இல்லை, தலைகீழாய் நிற்றல் இல்லவே இல்லை. "ஏலாத நாளில் வேண்டாம், அம்மா. விட்டது குற்றமில்லை" என்று ஒவ்வொரு நாளும் போகும்போது சொல்லிவிட்டே போவார். அந்த ஒரு வாக்கியமே என் தமக்கையாரை மறுநாள் எழுப்பியது என்று நினைக்கின்றேன். நான்காம் முறை மருந்தேற்றப் போகும்போது புகைவண்டியிற் கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டே போனதாகவும், கோட்டையில் இறங்கும்வரை வாந்தி வரவில்லையென்றும் அவரே எனக்குச் சொன்னார். இன்றும் இருக்கின்றார். அதற்குக் காரணம் சத்திரசிகிச்சையும் மருந்தும். அந்நாட்களை அவர் அழாமற் பேசக்கூடியதற்குக் காரணம் அத்தாதியார்.

"சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் மூன்றாவதாகிய யோகத்தைக் குமட்டலுக்கு மருந்தாக இறக்குவது அதன் பெருமையைக் கெடுப்பதாகாதோ?" என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதித்தார். அவர் கவலை வெறுங் கவலையன்று. கடைவிற்பனைப் பொருளாகிவிட்ட யோகத்தைக் காண எனக்கும் மனம் நோகும். ஆயினும் திருமூலர் தாம் அருளிய மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்கத்தை விரித்தவர், காயசித்தி உபாயம் என ஒரு பகுதியையும் அதனுள்ளேயே வைத்தார். உடம்பைப் பேணுதல் யோகத்துக்குப் புறம்பென்று அவர் கருதியிருப்பின் அங்கே வைத்திரார். நோயாளிக்கு நாம் கற்பிப்பது யோகத்தின் ஒரு சிறு கூறே. அதனை முழு யோகம் என்று சொல்லாதிருந்தாற் போதும்.

இதனோடு ஒட்டிய வேறொன்று. எமது மாவட்டத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்கின்றனர். மகரகமவில் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பவர்களும் அவர்களே. மூச்சைக் கவனிக்கச் சொல்லும்போது ஒரு முஸ்லிம் பெண்ணிடம் பிரணவத்தைச் சொல்லுமாறு வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை. வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தவர்களுக்குத் துண்டுப்பிரசுரம் நீட்டிய பாதிரிமாரை நம் முன்னோர் வன்மையாகக் கண்டித்தனர், கண்டித்தது நியாயம். அந்நியாயம் நம் கைக்கும் பொருந்தும். வேண்டுவார்க்குத் திருவைந்தெழுத்து, வேண்டாதார்க்கு மூச்சே போதும்.

இறுதியாகப் பெண் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். என் தமக்கையார் ஐந்து மாதம் தேடியும் கிடைக்காத சொல்லை மேல்வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடுங்கள்: மார்பு, கட்டி, நோவில்லாத கட்டியும் காட்டப்பட வேண்டியதே என்பது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் பெண்களுக்கென்றே கிளினிக் நடக்கின்றது என்பதை அவர்கள் வீட்டிற் போய்ச் சொல்லட்டும். தன் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், பல்லாண்டு முயன்று 1954இல் சென்னை அடையாற்றிலே புற்றுநோய் நிலையத்தைத் தொடக்கினார். அவர்க்கு இருந்த கல்வி நம் தமக்கைமார்க்கு இல்லாமற்போனது அவர்கள் குற்றமன்று.

மறுநாள் அம்மாணவிக்கு நான் சொன்ன விடை இதனிலும் மிகச் சிறியது. "நோயை மாற்றுவது மருந்து, பிள்ளை. அந்த மருந்தைத் தாங்க அம்மாவுக்கு யோகம் உதவும். டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்" என்றேன். சிறிது யோசித்து, "நானும் அம்மாவோடு இருந்து செய்யலாமோ, ஐயா?" என்று கேட்டாள். "செய்யலாம். அம்மா ஏலாது என்று சொன்னால் நீயும் விட்டுவிட வேண்டும்" என்றேன். தலையசைத்து இருந்தவள், கரும்பலகையைக் காட்டி, இன்னும் மூன்று உறுப்பு எழுதாமல் கிடக்கின்றது என்றாள்.